மோட்டார் ஹோமுக்குச் சோலார் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் தேர்ந்தெடுக்கும் முறை

மோட்டார் ஹோம் அல்லது கேரவன் வைத்திருப்பவர்கள் சூரிய மின்சாரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை வாட் பேனல் வாங்கலாம் என்பதுதான். அதற்கு விடை சற்றுத் தாமதமாகத்தான் கிடைக்கும். வாகனத்துக்குள் ஒரு நாளில் செலவாகும் மின்சாரம் பேட்டரியின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்தச் செலவும் கிடைக்கும் வெயிலும் சேர்ந்து பேனலின் அளவைத் தீர்மானிக்கின்றன. பேனல்களின் மின்னழுத்தமும் மின்னோட்டமும், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான சார்ஜ் கன்ட்ரோலரைத் தீர்மானிக்கின்றன. தள்ளுபடியில் கிடைத்த பேனலை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றை அதற்குப் பொருத்தப் பார்ப்பவர்கள், ஏதாவது ஒரு பொருளை இரண்டாம் முறை வாங்கும்படி ஆகிவிடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையும் அதே வரிசையிலேயே செல்கிறது.

ஒரு நாள் செலவைக் கணக்கிடுதல்

ஒரு கருவியின் வாட் அளவை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். வாகனத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் இதைச் செய்து கூட்ட வேண்டும். கம்ப்ரசர் வகைக் குளிர்பதனப் பெட்டிதான் வழக்கமாகப் பட்டியலில் முதலிடம் பிடிக்கும். ஓடும்போது 45 வாட் எடுக்கும் ஒரு பெட்டி நாளில் 40 சதவீத நேரம் ஓடுவதாகக் கொண்டால் 45 × 24 × 0.4, அதாவது ஏறத்தாழ 430 வாட்-மணி ஆகிறது. வெயில் கடுமையாக இருந்தாலோ கதவு அடிக்கடி திறக்கப்பட்டாலோ இது இன்னும் கூடும். 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு, நான்கு மணி நேரம் எரிந்தால் 80 வாட்-மணி. 25 வாட் மின்விசிறி இரவு முழுவதும் எட்டு மணி நேரம் சுழன்றால் 200. தண்ணீர் பம்பு 70 வாட் எடுத்தாலும் நாளில் கால் மணி நேரமே ஓடுவதால் 20-ஐத் தாண்டாது. கைப்பேசிகளுக்கு 30, மடிக்கணினிக்கு 75 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் பலரும் விட்டுவிடுவது, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு. எந்தக் கருவியும் இணைக்கப்படாமல் வெறுமனே இயங்கிக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டரே 10 வாட் எடுக்கக்கூடும். பெரிய இன்வெர்ட்டர்கள் அதைவிடக் கூடுதலாகவே எடுக்கும். நாள் முழுவதும் அணைக்காமல் விட்டால் 240 வாட்-மணி வீணாகிறது, அதாவது நம் எடுத்துக்காட்டில் மின்விசிறி எடுப்பதைவிட அதிகம். தேவைப்படும் நான்கு மணி நேரம் மட்டும் இயக்கினால் 40 வாட்-மணியோடு முடிந்துவிடும். எனவே 12 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் கருவி கிடைக்குமானால் அதையே வாங்குவது நல்லது.

எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 875 வாட்-மணி வருகிறது. இதை 900 என்று எடுத்துக்கொண்டு மேலே செல்வோம். குளிர்சாதனம் (ஏ.சி.), மின் அடுப்பு, தண்ணீர் சூடேற்றி ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கூரையில் பொருத்தும் குளிர்சாதனம் ஓடும்போது 1000 வாட்டுக்கு மேல் எடுக்கும். அதை மணிக்கணக்கில் ஓட்டுவதற்கான மின்சாரத்தைச் சாதாரண வாகனக் கூரையில் கொள்ளும் பேனல்களைக் கொண்டு ஈடுசெய்வது கடினம் என்பதே என் கருத்து. அப்படி ஒரு திட்டம் இருந்தால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்ட பெரிய அமைப்பு.

பேட்டரி

பேனலைப் பற்றிய கட்டுரையில் பேட்டரிக்கு நீண்ட இடம் தர வேண்டியதில்லை என்றாலும், அதன் வகை தெரியாமல் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஈய-அமில பேட்டரிகளை, அமிலத்தைக் கண்ணாடியிழைப் பஞ்சில் தேக்கிய ஏ.ஜி.எம். வகை உட்பட, அவற்றின் கொள்ளளவில் பாதிக்குமேல் அடிக்கடி காலியாக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். வெயில் இல்லாத இரண்டு நாட்களைச் சமாளிக்க வேண்டுமென்றால் நமக்கு 1800 வாட்-மணி கையிருப்பு வேண்டும். ஈய-அமில வகையில் 12 வோல்ட், 300 ஆம்பியர்-மணி வைத்தால் (12 × 300 = 3600 வாட்-மணி, அதில் பாதி) அது கிடைக்கும். லித்தியம் வகையில் 200 ஆம்பியர்-மணியே போதும், சிறிது மிச்சமும் இருக்கும். எடை என்று பார்த்தால் முதலாவது 90 கிலோவை நெருங்கும். இரண்டாவது 25 கிலோ அளவில் நின்றுவிடும். வாகனம் சுமக்கக்கூடிய எடைக்கு வரம்பு இருப்பதால் இந்த வேறுபாடு சிறியதன்று.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே, அதாவது பேட்டரியின் உள்வெப்பம் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் செல்களுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும். குளிர் மிகுந்த இடங்களுக்குச் செல்பவர்கள், குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு தம் பேட்டரியிலோ கன்ட்ரோலரிலோ இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எத்தனை வாட் பேனல்

பேனலின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் வாட் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது, செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும் நிலையில், சோதனைக் கூடத்தில் அளக்கப்பட்டது. கூரைமேல் வெயிலில் கிடக்கும் பேனலின் செல் 60 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். பேனல் தட்டையாகக் கிடப்பதால் சூரியனை நேருக்கு நேர் பார்ப்பதில்லை, தூசி படிகிறது, கம்பிகளிலும் கன்ட்ரோலரிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. இவை அனைத்துக்கும் சேர்த்து 0.7 என்ற எண்ணால் பெருக்கிக்கொள்வது நியாயமான மதிப்பீடாக இருக்கும்.

அடுத்து வெயிலின் அளவு. ஒரு நாள் முழுவதும் ஏறியும் இறங்கியும் விழும் ஒளியைச் சதுர மீட்டருக்கு 1000 வாட் என்ற முழு வெயிலாகச் சுருக்கினால் எத்தனை மணி நேரம் வரும் என்பதை 'உச்ச வெயில் மணி' என்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணி நேரம் நீடித்தாலும் உச்ச வெயில் மணி நான்கு, ஐந்து என்றே அமையும். நான்கு என்று கொண்டால், 900 வாட்-மணிக்குத் தேவையான பேனல் 900 ÷ (4 × 0.7), அதாவது ஏறத்தாழ 320 வாட். மேகமூட்டத்தால் ஒரு நாள் குறைந்ததை மறுநாள் நிரப்பிக்கொள்ள இடம் வேண்டும் என்பதால் 400 வாட் என்று முடிவு செய்யலாம். அது நாளொன்றுக்கு 1100 வாட்-மணிக்குச் சற்று மேல் தரும்.

குளிர்காலத்தில் நிலநடுக்கோட்டிலிருந்து தொலைவில் பயணம் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 50 டிகிரி அட்சரேகையில், ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று நண்பகல் சூரியனே தொடுவானிலிருந்து 16.5 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்தக் கோணத்தில் தட்டையான பேனலின்மேல் விழும் நேரடி ஒளி, சூரியனை நோக்கிச் சாய்த்த பேனலின்மேல் விழுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அங்கே பேனலைச் சாய்த்து நிறுத்தும் தாங்கிகள் உண்மையிலேயே பயன் தரும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அவற்றால் பெரிய ஆதாயம் இல்லை. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் கூரைமேல் ஏறி மடக்கும் வேலைதான் மிச்சம்.

எந்த வகைப் பேனல்

இன்று புதிதாக வாங்குபவர் மோனோ கிரிஸ்டலைன் பேனலைத் தவிர வேறெதையும் தேட வேண்டிய அவசியமில்லை. பாலி கிரிஸ்டலைன் பேனல் அதே வாட்டுக்குக் கூடுதல் இடத்தை எடுக்கும். கூரையில் இடமே விலைமதிப்புள்ளது. நல்ல மோனோ பேனலின் திறன் 20 முதல் 23 சதவீதம் வரை இருக்கிறது. அதாவது ஒரு சதுர மீட்டரில் 200 முதல் 230 வாட் வரைதான் கிடைக்கும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பொய்யான விளம்பரங்களை உடனே கண்டுபிடித்துவிடலாம்: அரைச் சதுர மீட்டர் அளவுள்ள பேனலில் 300 வாட் என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் கொண்ட உறுதியான பேனல், வளையக்கூடிய மெல்லிய பேனல் என்று இரண்டு உண்டு. மெல்லியவை எடை குறைந்தவை. வளைந்த கூரையில் ஒட்டிவிடலாம். காற்றை எதிர்த்து நிற்பதும் இல்லை. ஆனால் கூரையோடு ஒட்டிக்கிடப்பதால் அடியில் காற்றோட்டமின்றி மிகவும் சூடாகின்றன. மேலேயுள்ள பிளாஸ்டிக் படலம் நாளடைவில் மங்குகிறது. வளைந்து நெளிவதால் செல்களில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. பொதுவாக உறுதியான பேனல்களின் ஆயுள் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. கூரையின் வடிவமோ எடை வரம்போ வேறு வழியில்லாமல் செய்தாலொழிய உறுதியான பேனலையே நான் பரிந்துரைப்பேன். அதையும் கூரைக்கு மேல் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். செல் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் பேனலின் திறன் 0.35 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. 65 டிகிரியில் ஓடும் பேனல் ஏறத்தாழ 14 சதவீதத்தை இழந்திருக்கும்.

அளவைத் தேர்ந்தெடுக்கும் முன் கூரையை அளந்து வரைந்துகொள்ளுங்கள். காற்றுப் போக்கிகள், ஏ.சி. கருவி, ஆன்டெனா, மேல்சன்னல் ஆகியவற்றின் இடத்தை மட்டுமின்றி, காலையிலும் மாலையிலும் அவற்றின் நிழல் எங்கே விழும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 400 வாட் பேனல் ஒன்று ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் 20 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டிருக்கும். வீட்டுக் கூரைகளுக்கென்று தயாராகும் இப்பெரிய பேனல்கள் வாட் கணக்கில் பார்த்தால் மலிவானவை. நிழல் விழாத பரந்த இடம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கூரையில் தடைகள் நிறைந்திருந்தால் 100 அல்லது 200 வாட் பேனல்களை இடுக்குகளில் பொருத்துவதே நடைமுறைக்கு ஏற்றது.

பேனலின் பின்புற அட்டையைப் படித்தல்

ஒவ்வொரு பேனலின் பின்புறத்திலும் ஓர் அட்டை ஒட்டப்பட்டிருக்கும். அதில் உள்ள நான்கு எண்கள் நமக்கு முக்கியம். திறந்த சுற்று மின்னழுத்தம் என்பது எதையும் இணைக்காத நிலையில் பேனல் தரும் வோல்ட். உச்சத்திறன் மின்னழுத்தமும் உச்சத்திறன் மின்னோட்டமும் பேனல் தன் முழுத் திறனைத் தரும் புள்ளியைக் குறிக்கின்றன. குறுக்குச் சுற்று மின்னோட்டம் என்பது இரு முனைகளையும் நேரடியாக இணைத்தால் ஓடும் ஆம்பியர். 36 செல்கள் கொண்ட, '12 வோல்ட் பேனல்' என்று விற்கப்படும் பேனலின் உச்சத்திறன் மின்னழுத்தம் 18 வோல்ட் அளவிலும் திறந்த சுற்று மின்னழுத்தம் 22 வோல்ட் அளவிலும் இருக்கும். 12 என்று எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போட்டால் எல்லாமே தவறிவிடும்.

ஐந்தாவதாக, அட்டையில் இல்லாவிட்டாலும் தயாரிப்பாளரின் விவரத்தாளில் கட்டாயம் இருக்கும் எண் ஒன்று உண்டு: வெப்பநிலை மாறும்போது திறந்த சுற்று மின்னழுத்தம் எவ்வளவு மாறும் என்பது. அது வழக்கமாக டிகிரிக்கு 0.25 முதல் 0.35 சதவீதம் வரை இருக்கும். செல் குளிரக் குளிர மின்னழுத்தம் ஏறும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கன்ட்ரோலரைக் காப்பாற்றுவதும் அழிப்பதும் இந்த எண்தான் என்பதால் இதற்கு மீண்டும் வருவோம்.

பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி.

சார்ஜ் கன்ட்ரோலர்கள் இரு வகைப்படும். பி.டபிள்யூ.எம். (துடிப்பு அகலப் பண்பேற்றம்) வகை, பேனலை பேட்டரியோடு நேரடியாக இணைத்தும் துண்டித்தும் சார்ஜைக் கட்டுப்படுத்துகிறது. இணைந்திருக்கும் நேரத்தில் பேனலின் மின்னழுத்தம் பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு இறங்கிவிடும். மின்னோட்டம் மட்டும் அப்படியே இருக்கும். 100 வாட் பேனல் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தருவது என்று கொண்டால், 13 வோல்ட் பேட்டரியில் அது 5.5 × 13, அதாவது 72 வாட் அளவே தரும். எம்.பி.பி.டி. (உச்சத்திறன் புள்ளியைப் பின்தொடர்தல்) வகை, பேனலை அதன் உச்சத்திறன் புள்ளியிலேயே வைத்துக்கொண்டு, அதிகமாக உள்ள மின்னழுத்தத்தைக் குறைத்து அதற்கு ஈடாக மின்னோட்டத்தைக் கூட்டி பேட்டரிக்கு அனுப்புகிறது. மாற்றத்தில் இழப்பது சில சதவீதம் மட்டுமே.

எனினும் எம்.பி.பி.டி. எப்போதும் 30 சதவீதம் கூடுதலாகத் தரும் என்று சொல்லப்படுவதை அப்படியே ஏற்க வேண்டாம். கடும் வெயிலில் 36 செல் பேனலின் உச்சத்திறன் மின்னழுத்தம் 18-இலிருந்து 15 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும். பேட்டரி நிரம்பும் தறுவாயில் 14.4 வோல்ட்டைத் தொட்டிருக்கும். அந்த நேரத்தில் இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. குளிர்ந்த காலையில், காலியான பேட்டரியோடு, எம்.பி.பி.டி.யின் ஆதாயம் உச்சத்தில் இருக்கும். ஆகையால் 100 வாட் பேனல் ஒன்றை வைத்துக்கொண்டு விளக்கும் கைப்பேசியும் மட்டும் பயன்படுத்துபவர் பி.டபிள்யூ.எம். வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. 60 செல் பேனலாக இருந்தால் நிலைமை வேறு. 32 வோல்ட்டில் 9.4 ஆம்பியர் தரும் 300 வாட் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு பி.டபிள்யூ.எம். வழியாக இணைத்தால் 120 வாட் அளவே கிடைக்கும். பாதிக்கு மேல் போய்விடுகிறது. 200 வாட்டைத் தாண்டும் எந்த அமைப்புக்கும் எம்.பி.பி.டி.யே பொருத்தமானது என்பேன்.

எம்.பி.பி.டி. என்று மேலே அச்சடித்துவிட்டு உள்ளே பி.டபிள்யூ.எம். சுற்றை வைத்து விற்கப்படும் மலிவுக் கருவிகள் சந்தையில் ஏராளம். கண்டுபிடிப்பது எளிது. நல்ல வெயிலில், பேட்டரி முழுதும் நிரம்பாத நிலையில், பேனல் பக்கத்து மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். அது பேட்டரியின் மின்னழுத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது பி.டபிள்யூ.எம். உண்மையான எம்.பி.பி.டி.யில் பேனல் பக்க மின்னழுத்தம் தெளிவாக உயர்ந்திருக்கும்; பேட்டரிக்குப் போகும் ஆம்பியர், பேனலிலிருந்து வரும் ஆம்பியரைவிட அதிகமாக இருக்கும். மின்தூண்டிச் சுருளும் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடும் தேவைப்படுவதால் உண்மையான கருவி கையில் எடுக்கும்போதே கனக்கும்.

கன்ட்ரோலரின் இரண்டு எண்கள்

எம்.பி.பி.டி. கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் 75/15, 100/30, 150/35 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பேனல் பக்கத்தில் அது தாங்கும் அதிகபட்ச மின்னழுத்தம். இரண்டாவது பேட்டரிக்கு அது தரும் அதிகபட்ச ஆம்பியர். இவ்விரண்டு வரம்புகளும் ஒரே தன்மையுடையவை அல்ல.

ஆம்பியர் வரம்பு மென்மையானது. நம் 400 வாட்டை 14.4-ஆல் வகுத்தால் 27.8 ஆம்பியர் வருகிறது. 30 ஆம்பியர் கன்ட்ரோலர் போதும். பேட்டரி மிகவும் இறங்கி 12 வோல்ட்டில் இருக்கும்போது கணக்குப்படி 33 ஆம்பியர் கிடைக்க வேண்டும் என்றாலும், கன்ட்ரோலர் 30-லேயே நிறுத்திக்கொள்ளும். மிஞ்சியது வீணாகுமே தவிர எதுவும் கெடாது. தயாரிப்பாளர் அனுமதிக்கும் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தைத் தாண்டாதவரை, கன்ட்ரோலரின் அளவைவிடச் சற்றுக் கூடுதல் பேனலை வைப்பது பல கருவிகளில் ஏற்கத்தக்கதே. மேகமூட்டமான நாட்களில் அது கைகொடுக்கவும் செய்யும்.

மின்னழுத்த வரம்பு அப்படிப்பட்டதன்று. ஒரு கணம் தாண்டினாலும் உள்ளிருக்கும் பாகங்கள் எரிந்துபோகலாம். இத்தகைய சேதத்துக்கு உத்தரவாதமும் பொதுவாகப் பொருந்துவதில்லை. நம் 400 வாட்டுக்காக, திறந்த சுற்று மின்னழுத்தம் 24 வோல்ட் உள்ள நான்கு 100 வாட் பேனல்களை வரிசையாகத் தொடர் இணைப்பில் கோத்தால் 96 வோல்ட் வருகிறது. 100 வோல்ட் கன்ட்ரோலருக்கு அது பாதுகாப்பானதாகவே தோன்றும். ஆனால் 96 என்பது 25 டிகிரிக்கான எண். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி உள்ள ஒரு விடியற்காலையில் செல் 35 டிகிரி குளிர்ந்திருக்கும், டிகிரிக்கு 0.3 சதவீதம் என்றால் 10.5 சதவீதம் கூடி 106 வோல்ட்டாகிறது. பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் கன்ட்ரோலர் மின்னோட்டம் எடுக்காது. அப்போது பேனல்கள் திறந்த சுற்று நிலையிலேயே நிற்கும். முதல் வெயில் பட்டதும் 106 வோல்ட் முழுமையாகக் கன்ட்ரோலரின் முனையில் ஏறும். ஆகவே, நீங்கள் பயணம் செய்யக்கூடிய இடங்களில் மிகக் குறைந்த வெப்பநிலை எது என்று பார்த்து இந்தக் கணக்கைச் செய்யுங்கள். அது தெரியாவிட்டால், மொத்தத் திறந்த சுற்று மின்னழுத்தத்தை 1.2-ஆல் பெருக்கி, அந்த எண் கன்ட்ரோலரின் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பேனல்களை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு வரிசைகளையும் பக்க இணைப்பில், அதாவது மின்னழுத்தம் கூடாதபடி, சேர்த்தால் 48 வோல்ட்தான், 1.2-ஆல் பெருக்கினாலும் 58-ஐத் தாண்டாது.

கீழ் வரம்பும் ஒன்று உண்டு. எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் சார்ஜைத் தொடங்குவதற்குப் பேனலின் மின்னழுத்தம் பேட்டரியைவிடச் சில வோல்ட் உயர்ந்திருக்க வேண்டும். 5 வோல்ட் என்று குறிப்பிடும் கருவிகள் உண்டு. 24 வோல்ட் பேட்டரி அமைப்பு வைத்திருப்பவர்கள் 36 செல் பேனல்களைப் பக்க இணைப்பில் மட்டும் போட்டால் சார்ஜ் தொடங்கவே தொடங்காது.

தொடர் இணைப்பா, பக்க இணைப்பா

தொடர் இணைப்பில் மின்னழுத்தம் கூடும். மின்னோட்டம் ஒரு பேனலின் அளவிலேயே இருக்கும். பக்க இணைப்பில் மின்னோட்டம் கூடும், மின்னழுத்தம் மாறாது. நிழல் விழும் கூரைக்குப் பக்க இணைப்பே நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் சரி. ஆனால் முழு உண்மை அதைவிடச் சற்றுச் சிக்கலானது. பேனலுக்குள் செல்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பைபாஸ் டையோடு பொருத்தப்பட்டிருக்கும். ஒரு செல்லின்மேல் நிழல் விழுந்தால் அந்தக் குழு முழுவதும் ஒதுக்கப்பட்டு, மின்னோட்டம் டையோடின் வழியாகச் சுற்றிச் செல்லும். இரண்டு குழுக்கள் கொண்ட 36 செல் பேனலில் ஒரு குழு ஒதுக்கப்பட்டால் எஞ்சியது தருவது 9 வோல்ட் அளவுதான். பக்க இணைப்பில் அது பேட்டரியின் மின்னழுத்தத்தைக்கூட எட்டாததால் அந்தப் பேனலின் பங்களிப்பு ஏறக்குறைய இல்லாமலே போகிறது. தொடர் இணைப்பிலோ அந்த 9 வோல்ட்டும் மற்றவற்றோடு கூடிப் பயன்படுகிறது. மறுபுறம், மரத்தடியில் நிறுத்தியதால் பல பேனல்களின்மேல் திட்டுத்திட்டாக நிழல் விழும்போது, தொடர் இணைப்பின் உச்சத்திறன் புள்ளி ஒன்றுக்குப் பலவாகச் சிதறி, கன்ட்ரோலர் அவற்றில் தவறான ஒன்றில் சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு.

இதனால்தான் நான்கு பேனல்களை இரண்டிரண்டாகக் கோக்கும் கலப்பு இணைப்பு பலருக்கும் ஒத்துவருகிறது. ஒரே நேரத்தில் நிழல் படக்கூடிய இரு பேனல்களை ஒரே வரிசையில் வைத்தால் மற்ற வரிசை பாதிக்கப்படாமல் வேலை செய்யும். கம்பியின் தடிமனும் இதில் அடங்கியிருக்கிறது. போக வர மொத்தம் 10 மீட்டர் நீளமுள்ள 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில், 400 வாட்டை 18 வோல்ட்டில் அனுப்பினால் ஏறத்தாழ 5 சதவீதம் வழியிலேயே போய்விடும். 36 வோல்ட்டில் அனுப்பினால் 1.3 சதவீதம் மட்டுமே.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வரிசைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். ஒரு பேனல் பழுதடைந்து குறுக்குச் சுற்றானால் மற்ற எல்லா வரிசைகளின் மின்னோட்டமும் அதற்குள் பாயும் என்பதே காரணம். ஃபியூஸின் அதிகபட்ச அளவு பேனலின் அட்டையிலேயே இருக்கும். வேறுபட்ட பேனல்களைக் கலப்பதாக இருந்தால், தொடரில் மின்னோட்டம் ஒத்தவையும் பக்க இணைப்பில் மின்னழுத்தம் ஒத்தவையும் சேர வேண்டும்.

பொருத்துதலும் இணைத்தலும்

கன்ட்ரோலரை பேட்டரிக்கு அருகில், காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்த வேண்டும். சமையல் வாயு உருளை இருக்கும் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. நீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரிகள் சார்ஜாகும்போது ஹைட்ரஜனை வெளியிடுவதால் அவற்றுக்கு நேர் மேலேயும் வைக்கக் கூடாது. கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையேயுள்ள கம்பியில் ஓடுவது 30 ஆம்பியர். போக வர 6 மீட்டர் என்றால் 6 சதுர மி.மீ. கம்பியில் அரை வோல்ட் இழக்கப்படும். அரை வோல்ட் குறைவாகத் தெரிந்தாலும், பேட்டரி நிரம்பிவிட்டதாகக் கன்ட்ரோலர் தவறாக எண்ணுவதற்கு அது போதும். 16 சதுர மி.மீ. கம்பியில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். தூரத்தைக் குறைத்தால் இன்னும் நல்லது. நேர்மின் கம்பியில், பேட்டரிக்கு மிக அருகில், 40 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போடுங்கள். போடும் ஃபியூஸும் சுவிட்சும் நேர்திசை மின்னோட்டத்துக்கென்று தரப்படுத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். மாறுதிசை மின்னோட்டத்துக்கான சுவிட்சை இங்கே பயன்படுத்தினால், துண்டிக்கும்போது எழும் மின்பொறி அணையாமல் நின்று எரியக்கூடும்.

இணைக்கும் வரிசை எளியது: முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. 12 வோல்ட் அமைப்பா, 24 வோல்ட் அமைப்பா என்பதை பேட்டரியைப் பார்த்தே பல கன்ட்ரோலர்கள் தெரிந்துகொள்கின்றன என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. வேலை நடக்கும்போது பேனல்களைத் தடித்த துணியால் மூடி வைக்க வேண்டும், பேனல் கம்பிகளின் முனையில் இருக்கும் எம்.சி.4 இணைப்பிகளை மின்னோட்டம் ஓடும்போது பிரிக்கக் கூடாது. கன்ட்ரோலரில் செருகும் முன் பல்மானியால் (மல்டிமீட்டர்) மொத்தத் திறந்த சுற்று மின்னழுத்தத்தை அளந்து, நேர்மின் எதிர்மின் முனைகள் மாறவில்லை என்பதையும் எண் நம் கணக்கோடு ஒத்துப்போகிறது என்பதையும் உறுதிசெய்யுங்கள். இன்வெர்ட்டரை பேட்டரியோடு நேரடியாகத் தனி ஃபியூஸுடன் இணைக்க வேண்டும். சில கன்ட்ரோலர்களில் இருக்கும் சுமை முனைகள் விளக்கு போன்ற சிறு கருவிகளுக்கானவை. மலிவு பி.டபிள்யூ.எம். கருவிகள் பலவற்றில் நேர்மின் முனைகளே உள்ளுக்குள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். வாகனத்தின் உடலோ எதிர்மின் முனையோடு இணைந்தது. அத்தகைய கருவியின் சுமை எதிர்மின் முனையை வாகன உடலில் இணைத்தால் கட்டுப்பாடு முழுவதும் தாண்டப்பட்டுவிடும்.

இனி பேட்டரியின் வகையைக் கன்ட்ரோலரில் அமைக்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்குச் சார்ஜ் மின்னழுத்தம் 14.2 முதல் 14.6 வோல்ட் வரை. வெப்பநிலை ஈடுசெய்தலை, அதாவது பேட்டரியின் வெப்பநிலைக்கேற்பச் சார்ஜ் மின்னழுத்தத்தை மாற்றுவதை, நிறுத்திவைக்க வேண்டும். சமப்படுத்தும் சார்ஜ் (செல்களைச் சமன்செய்ய வேண்டுமென்றே கூடுதல் மின்னழுத்தம் தருவது) கூடவே கூடாது. ஈய-அமில வகைக்கு வெப்பநிலை ஈடுசெய்தல் அவசியம். எந்த வகையானாலும் பேட்டரித் தயாரிப்பாளர் தரும் எண்களே இறுதியானவை.

முதல் வெயில் நாளில் 400 வாட் அமைப்பு 280 வாட் காட்டினால் கவலைப்பட வேண்டாம். சூடான தட்டைக் கூரையில் அது இயல்பானதே. நண்பகலுக்கு முன்பே வாட் திடீரென்று இறங்கி 20, 30 என்று நின்றால், பெரும்பாலும் பேட்டரி நிரம்பியிருக்கும். குளிர்பதனப் பெட்டியையும் இன்வெர்ட்டரையும் இயக்கிப் பாருங்கள். எண் மீண்டும் ஏறினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஏறாவிட்டால் ஒவ்வொரு வரிசையின் மின்னோட்டத்தையும் கம்பியைக் கவ்வி அளக்கும் கிடுக்கி மீட்டரால் தனித்தனியாக அளந்து, குறைவாகத் தருவது எது என்று பாருங்கள். ஓடும் வாகனத்தின் அதிர்வில் முனைத் திருகுகள் தளர்வது வழக்கம் என்பதால், முதல் நீண்ட பயணம் முடிந்ததும் கன்ட்ரோலர், ஃபியூஸ், பேட்டரி ஆகியவற்றின் திருகுகளை ஒருமுறை இறுக்கி, கூரைத் தாங்கிகளையும் கம்பி உள்ளே இறங்கும் துளையின் நீர்காப்புப் பசையையும் பார்த்துவிடுங்கள்.